தூங்கிவிட்டார் என்று யார் சொன்னது?

தம்பி,

நீ அனுப்பிய குரல் பதிவைச் சமைத்துக்கொண்டே கேட்டேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன். டப்ளினில் நீ சேரப்போகும் மருத்துவமனையில், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரின் நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டினால் அவருடைய மூளை எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறது என்பதைத் திரையில் ஒரு எண்ணாகக் காட்டும் கருவி எல்லா அறைகளிலும் இருக்கிறதாம். "இனிமே யாரும் நடுவுல முழிச்சிக்க மாட்டாங்கம்மா. நம்பரே சொல்லிடும்" என்கிறாய். கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன் குரலில் இருந்த நிச்சயம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. போனில் சொல்லியிருக்கலாம், நீ குறுக்கே பேசுவாய். அதோடு அந்தப் போனை நான் நம்புவதும் இல்லை. எனக்கு முதுகு வலிக்கிறது என்று உன் அப்பாவிடம் கூடத்தில் சொன்ன மறுநாளே அதில் மெத்தை விளம்பரம் வந்தது. தற்செயல் என்று நீ சிரித்தாய். இருக்கலாம். தற்செயல் என்பதை நிரூபித்துக் காட்டு என்றுதான் நான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீயும் அப்பாவும் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். கிள்ளான் காப்பார் சாலையிலிருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் என் வேலையே சந்தேகப்படுவதுதான். டாக்டர்கள் போடும் ரப்பர் கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்காவது சொட்டுகிறதா என்று பார்ப்போம். கண்ணால் பார்த்தால் எல்லாக் கையுறையும் நல்ல கையுறைதான். தண்ணீர் ஊற்றினால்தான் உண்மை தெரியும். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு, நீ யோசித்திருக்க மாட்டாய். தண்ணீர் ஊற்றிப் பார்த்த கையுறையை விற்க முடியாது. விற்கப் போகிற கையுறையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவே இல்லை. ஒரு பெட்டியிலிருந்து சிலதை எடுத்துப் பார்த்து, மற்றதும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி முத்திரை குத்துகிறோம். நாளைக்கு நீ போட்டுக்கொள்ளும் கையுறை நல்லது என்று எனக்குத் தெரியாது. நல்லதாக இருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான். இத்தனை வருடம் வேலை செய்து நான் கற்றுக்கொண்ட விஞ்ஞானம் இது. தெரியும் என்பதும் நினைக்கிறேன் என்பதும் வேறு வேறு. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட அவசரத்தில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

போன தீபாவளிக்கு நீ எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாய். உன் சித்தி கேரித் தீவில் மயங்கி விழுந்தாள் என்று தகவல் வந்து, விடியும் வரை நான் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேனே, அன்று காலையில் அந்தக் கடிகாரம் நான் அருமையாகத் தூங்கியதாகச் சொல்லிப் பாராட்டியது. அசையாமல் கிடந்தால் அதற்குத் தூக்கம். நான் அதை அப்பாவிடம் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தை வாங்கி மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஏன் என்று உனக்கு இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "சொல்லு லா. மயக்க டாக்டராப் போறான். அவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்?" என்றார்.

நீ பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இருந்த வருடம் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு நாள் முழுக்க வயிற்று வலியை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறியவரால் இறங்க முடியவில்லை. கூட வேலை செய்தவர்கள்தான் இறக்கிக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அவரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான், அதையும் மறக்கக் கூடாது. நீ டியூஷன் முடிந்து பள்ளிச் சீருடையோடு வார்டுக்கு வந்தாய். "ஏம்மா அப்பா என்னையே முறைச்சிப் பாக்குறாரு?" என்று என் காதில் கேட்டாய். அவர் உன்னை முறைக்கவில்லை, தம்பி. அவருக்குக் கண்ணை மூடப் பயமாக இருந்தது.

என்னிடமும் உடனே சொல்லவில்லை. மூக்கிலிருந்த குழாயை எடுத்து, கஞ்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு, கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, "நான் முழிச்சிட்டு இருந்தேன்" என்றார்.

"எப்போ?"

"உள்ளே. வெட்டும்போது."

என் முதல் யோசனை என்ன தெரியுமா? காய்ச்சல், கனவு, பிதற்றல். அவரை நான் நம்பவில்லை, ஆனால் நம்பாமலும் இல்லை. தொழிற்சாலையில் ஒரு புகார் வந்தால் எப்படி விசாரிப்பேனோ அப்படியே கேட்டேன். என்ன பார்த்தீர்கள்? ஒன்றும் பார்க்கவில்லை, கண்ணை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள் என்றார். கண்ணை ஒட்டுவார்கள் என்று எனக்கே அப்போது தெரியாது. தொண்டையில் குழாய் இருந்தது, மூச்சை யாரோ வெளியிலிருந்து விட்டார்கள், நான் விடவில்லை என்றார். "ஒரு கால் வெரல், ஒரே ஒரு வெரல அசைச்சிட்டா போதும்னு நெனச்சேன். பாத்துடுவாங்க, நிறுத்திடுவாங்க. என் பலத்தையெல்லாம் அங்கதான் வெச்சேன். வெரல் அசையல. அது என் வெரலே இல்ல." வலி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. "அது வேணாம்" என்று கையைக் காட்டிவிடுவார்.

வார்டுக்கு வந்த டாக்டரிடம் சொன்னேன். மயக்கம் தெளியும்போது கனவு வருவது சகஜம், ஆன்டி, சில நாளில் மறந்துவிடுவார் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு உறுத்தியது. புகார் கொடுத்தவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறுதல் சொல்ல ஆரம்பிக்கிறவரை நான் நம்புவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நீ பார்த்தாய், ஆனால் உனக்குக் காரணம் தெரியாது. விளக்கைப் போட்டுவிட்டுக் கூடத்து சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினார். டிவி எந்நேரமும் ஓட வேண்டும். என்ன நிகழ்ச்சி என்பது முக்கியமில்லை, மனிதக் குரல் கேட்க வேண்டும். உன்னிடம் ஷிப்ட் மாறியதால் தூக்கம் கெட்டுவிட்டது என்றோம். பிறகு கிரேன் கூண்டுக்குள் உட்கார முடியவில்லை என்று கீழே வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அதை உன்னிடம் பதவி உயர்வு என்று சொன்னார். நீ கேக் வாங்கி வந்தாய். நாம் மூவரும் வெட்டிச் சாப்பிட்டோம். பள்ளி இறுதியின் எஸ்.பி.எம். தேர்வு உனக்கு முன்னால் நின்றது, வேறு வழி தெரியவில்லை.

நான் மருத்துவமனைக்குப் புகார் எழுதினேன். அவர்கள் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன் அப்பாவிடம், "கேட்டதுன்னு சொல்றீங்கல்ல, என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க. அவங்களால இல்லன்னு சொல்ல முடியாத ஒண்ணு வேணும்" என்றேன். பிறகு சொன்னார். அவருடைய தலைமாட்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தாள். மயக்க மருந்து கொடுத்தவள். ஷாமினி என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ். இருவரும் தமிழர்கள். மற்றவர்களுக்குப் புரியாது என்று தமிழில், குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

"ஸ்பெஷலிஸ்ட் பரீட்சைல ரெண்டாவது தடவையும் பெயில், அக்கா."

"ஐயோ. வீட்டுல சொல்லிட்டியா?"

"பாஸ்னு சொல்லிட்டேன். அப்பா கோயில்ல அர்ச்சனை பண்ணி, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாரு. எல்லாருக்கும் நடுவுல எழுந்து நின்னு அழுதாருக்கா. இனிமே எப்படிச் சொல்றது?"

இதுதான் அப்பா கேட்டது. "இது போதும்ங்க! இதை யாரும் கனவுல கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லுங்க, அவ மூஞ்சியே சொல்லிடும்" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொள்ளப் போனார்.

கூட்டத்தில் மயக்க மருந்துத் துறைத் தலைவரும் நிர்வாகத்திலிருந்து ஒரு பெண்மணியும் இருந்தார்கள். மூலையில் ஷாமினி. நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். தலைவர் பொறுமையானவர். கருவியின் பதிவுகளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மருந்தைச் செலுத்தும் பம்ப் நிற்காமல் ஓடியிருக்கிறது. கணக்குச் சரியாக இருக்கிறது. இதயத் துடிப்பு கூடியிருக்கிறது, ஆனால் சீழ் பரவிய நோயாளிக்கு அது எதிர்பார்த்ததுதான் என்றார். பிறகு முன்னால் சாய்ந்து மலாயில் கேட்டார்: உள்ளே பேசியது ஏதாவது நினைவிருக்கிறதா, அங்கிள்? ஒரு வார்த்தை போதும், நாங்கள் சரிபார்த்துக்கொள்வோம்.

அப்பா ஷாமினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல, டாக்டர். ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்திப் பிடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது, தம்பி, அதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஒருவேளை எதுவுமே நடக்கவில்லையோ? காய்ச்சலில் ஒரு கதை கட்டிக்கொண்டு, சரிபார்க்கிறோம் என்றதும் பின்வாங்குகிறாரோ? கூட வாழ்ந்த மனிதரின் தலைக்குள் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னது மட்டும்தானே என்னிடம் இருந்தது! அதையும் இப்போது அவரே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் நான் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷாமினி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை, அவரிடம் நேராகப் போனாள்.

"அங்கிள், நீங்க பொய் சொன்னீங்க. என்னைப் பாத்துட்டுச் சொன்னீங்க. என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

அப்பா கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோல், "உங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா மா?" என்று கேட்டார்.

அவள் அங்கேயே, கார்களுக்கு நடுவே இருந்த சிமென்ட்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. வெள்ளைக் கோட்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு வேண்டியிருந்த ஆதாரம் என் கண் முன்னால் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவளே சொன்னாள். அறுவை சிகிச்சை முடிந்து அவரைத் தூக்கி மாற்றும்போது அவருடைய கைக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்ததாம். மருந்துக் குழாயின் இணைப்புத் தளர்ந்து, தூங்க வைக்கும் மருந்து நரம்புக்குள் போகாமல் விரிப்பில் சொட்டியிருக்கிறது. தசையைக் கட்டிப்போடும் மருந்து வேறு குழாயில் போனதால் அது மட்டும் ஒழுங்காக உள்ளே போயிருக்கிறது. "எப்ப கழண்டதுன்னு தெரியல, ஆன்டி. கடைசியிலதான் கழண்டிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அங்கிள் ஒண்ணும் சொல்லாம இருந்துடணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன்."

பம்ப் பொய் சொல்லவில்லை, பார்த்தாயா? தன்னிடமிருந்து எவ்வளவு மருந்து வெளியே போனது என்பதை அது சரியாகத்தான் சொன்னது. எங்கே போனது என்பது அதற்குத் தெரியாது. அதை யாரும் அதனிடம் கேட்கவும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கசிவைத் தேடியவள் நான், இந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை.

அவளிடம் நான் கத்தியிருப்பேன். அப்பா என்னை முந்திக்கொண்டார். "நான் ஏன் அங்க சொல்லலன்னு தெரியுமா? நீங்க பேசிட்டு இருந்தது வரைக்கும் நான் தனியா இல்ல. உங்க அப்பா அழுதாருன்னு சொன்னீங்கல்ல, அதையே புடிச்சிட்டுக் கெடந்தேன். அவர் எப்படி இருப்பாரு, என்ன சட்டை போட்டிருப்பாருன்னு நெனச்சிட்டுக் கெடந்தேன். நடுவுல நீங்க பேசுறத நிறுத்திட்டீங்க. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. அந்தப் பேச்ச எடுத்து உங்க மேலயே எறியச் சொன்னா எப்படி?"

அவள் எழுந்தாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். வேகமாக இல்லை. நாங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அவள் அந்தக் கூட்டம் நடந்த அறைக்கே போய், நனைந்த விரிப்பைப் பற்றியும் தான் பேசியதைப் பற்றியும் தலைவரிடம் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவளைச் சில காலம் தனியாக மயக்க மருந்து கொடுக்க விடவில்லை. நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு, வார்த்தைகளை எடைபோட்டு வருத்தம் தெரிவித்தது. நான் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன், ஓட்டை இருந்தது. அப்பா மட்டும் வீட்டுக்கு வந்து, "நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல, அது போதும்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான் போலிருக்கிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கிள்ளானிலிருந்து ரயிலில் போவோம். உன்னிடம் துணி வாங்கப் போகிறோம் என்று சொல்வோம். அவர் உள்ளே இருக்கும்போது நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, இந்த ஆலோசகருக்கு மட்டும் மனிதர் தலைக்குள் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஆலோசகர் எதையும் விளக்கவில்லையாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாராம். வெளியே வந்ததும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். முதலில் அப்பா பாதிச் சோற்றை வைத்துவிடுவார். பிறகு ரசம் கேட்டு வாங்க ஆரம்பித்தார். ஒரு நாள் ரயிலில் என் தோளில் சாய்ந்து, ஸ்டேஷன் தாண்டிப் போவது தெரியாமல் தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை. கடைசி நிலையமான பெலாபுஹான் வரை போய்த் திரும்பினோம்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒருவருக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கழிவறைக் கதவைத் தட்டுகிறோம், உள்ளே இருப்பவர் இருமுகிறார், நாம் நகர்ந்துவிடுகிறோம். இருமல் வரவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை என்றாகிவிடுமா? நீங்கள் மருந்து கொடுத்து அந்த இருமலைத்தானே முதலில் நிறுத்துகிறீர்கள். பிறகு சத்தம் இல்லை, ஆகவே ஆள் இல்லை என்கிறீர்கள். இப்போது உன் சித்தி மகள் போனில் ஒரு செயலியோடு பேசுகிறாள். அது "உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்கிறது. அழகான தமிழ். அதற்குள் யாரும் இல்லை என்று நீ சொல்கிறாய். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதை மட்டும் யோசித்துப் பார். அது நான் இருக்கிறேன் என்று எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உன் அப்பா உள்ளே இருந்தார், ஒரு விரலால்கூட அதைச் சொல்ல முடியவில்லை. பேச்சை வைத்து ஆளை முடிவு செய்தால் இரண்டு பக்கமும் தவறிவிடும்.

உன் நெற்றிப் பட்டைக் கருவியும் அப்படித்தான். மூளையின் மின் அலையைப் பார்த்து, இப்படி அலை இருந்த மற்றவர்கள் தூங்கினார்கள், ஆகவே இவரும் தூங்குவார் என்று கணக்குப் போடுகிறது. பெட்டியிலிருந்து சிலதை எடுத்துப் பார்த்து மீதிக்கு முத்திரை குத்துவது. அது இல்லாமல் இருப்பதைவிட இருப்பது நல்லது, நான் மறுக்கவில்லை. உன் மேசையில் கிடப்பவர் அந்தச் சிலரில் ஒருவர் இல்லை, அவ்வளவுதான் நான் சொல்வது.

பிறகு நடந்தது உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுதாகச் சொல்கிறேன். அந்தப் பழைய வெட்டுத் தழும்பில் அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து, வருடக்கணக்காக வயிற்றில் பெல்ட் போட்டுக்கொண்டு சமாளித்தார் அல்லவா? ஏன் அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறார் என்று நீ எத்தனை முறை அவரைத் திட்டினாய். இந்த வருடம், நீ ஜோகூரில் பணியில் இருந்தபோது, வீக்கம் உள்ளே போகாமல் நின்றுவிட்டது. இனித் தள்ள முடியாது, முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: மயக்க மருந்தை ஷாமினிதான் கொடுக்க வேண்டும். அவள் தேர்வில் வென்று, இப்போது கோலாலம்பூரில் வேறொரு மருத்துவமனையில் நிபுணராக இருக்கிறாள். இவருக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது.

"இந்த ஊருல வேற டாக்டரே இல்லையா? ஒரு தடவ பட்டது போதாதா?" என்று நான் கத்தினேன்.

"மத்தவங்க எல்லாரும் நான் தூங்கிட்டேன்னு நம்பிடுவாங்க. அந்தப் பொண்ணு நம்பாது" என்றார்.

என்னைவிடச் சந்தேகப்படுகிற ஒருத்தியை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

ஷாமினி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முடியில் இரண்டொரு நரை. ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்று அவள் சொல்லவே இல்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. "அங்கிள், மெஷின் எல்லாம் வெப்பேன். ஆனா ஒரு கைய மட்டும் விட்டு வெக்கிறேன். மொழங்கைக்குக் கீழ கட்டிட்டா, தசையத் தளர்த்துற மருந்து அந்தக் கைக்குப் போகாது. அது உங்க கைதான், அசையும். அத நான் புடிச்சிட்டு இருக்கேன். முழிப்பு வந்தா என் கைய அழுத்துங்க." பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப நேரம் கட்டி வைக்க முடியாது, ஆனால் முக்கியமான கட்டம் முழுக்க முடியும் என்று அதன் குறையையும் சேர்த்தே சொன்னாள். இது பழைய முறையாம், எல்லோரும் செய்வதில்லையாம். நீ கேள்விப்பட்டிருப்பாய். இல்லையென்றால் போய்ப் படி.

காத்திருக்கும் இடத்தில் நான் உட்காரவில்லை. சுவரிலிருந்த டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது, அதன் சத்தத்தை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயசைவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு திறந்து ஷாமினி வந்ததும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"கைய அழுத்துனாரா?"

"இல்ல ஆன்டி. ஒரு தடவகூட இல்ல. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கைய அழுத்துங்கன்னு கேட்டுட்டே இருந்தேன்."

உள்ளே அப்பா கண்ணைத் திறந்து, தொண்டை கரகரக்க, "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். முடிந்துவிட்டது, மதியம் தாண்டிவிட்டது என்றேன். நம்பாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லடி" என்றார். "இருட்டுகூட இல்ல. ஒண்ணுமே இல்ல!" சிரித்தால் வலிக்கும் என்று நர்ஸ் சொல்லச் சொல்லச் சிரித்தார். எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாரோ என்று வழக்கம்போல அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவர் அதற்குள் மறுபடியும் தூங்கிப்போயிருந்தார், பகல் வெளிச்சத்தில், வாயைத் திறந்துகொண்டு, தன்னை மறந்து. உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

போய் வா, தம்பி. கருவிகளைக் கற்றுக்கொள், எண்ணைப் பார், இணைப்பைத் தொட்டுப் பார், விரிப்பு நனைந்திருக்கிறதா என்று பார். ஒரு நாள் உன்னாலும் தவறு நடக்கும், அன்றைக்கு யாரும் கேட்காமலே நடந்து போய்ச் சொல். எல்லாம் செய்து முடித்து, அவர் நன்றாகத் தூங்கிவிட்டார் என்று உனக்கு முழு நிச்சயம் வந்த பிறகு, அவர் காதுப் பக்கம் குனிந்து, நீ யார், என்ன நடக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இரு. அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ பேசுவதை மட்டும் நிறுத்தாதே.

அம்மா